மெட்ராஸ்ல முளைச்ச ஃபண்ட்

ஆசிரியர் சாருக்கு வணக்கம், நம்ம நாட்டுல ம்யூச்சுவல் ஃபண்ட் (பல பேர் பணத்தை ஒண்ணா சேத்து முதலீடு பண்றது) வளந்த கதையப் பத்தி நீங்க போட்ட கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அரசாங்கத்தோட யுடிஐ 1964ல விட்ட யூனிட் திட்டத்துக்கு அப்புறம் நேரா பாம்பே ஃபண்டுங்க கதைக்கே தாவிட்டீங்களே! நாட்டோட முதல் தனியார் ஃபண்டே நம்ம ஊரு கோத்தாரி பயனியர் தானே, 1993ல வந்தது, கூட சேந்த அமெரிக்க ஃபண்ட் கம்பெனி பயனியரை ஆரம்பிச்சவர் ஃபிலிப் காரெட், அது 1928லயே, பாஸ்டன்ல. கோத்தாரி பயனியர் 1993 டிசம்பர்ல புளூசிப், ப்ரைமான்னு ரெண்டு ஸ்கீம் விட்டாங்க, எங்கப்பா டி.நகர்ல க்யூல நின்னு ஃபார்ம் குடுத்தாரு (வீட்ல அம்மா திட்டு தனி). அப்புறம் அது பயனியர் ஐடிஐ ஆகி, 2002ல இன்னொரு அமெரிக்க ஃபண்ட் கம்பெனி ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் வாங்கிடுச்சு. ப்ரைமாவ பல வருஷம் ஃபண்ட் மேனேஜரா பாத்துகிட்ட சிவசுப்ரமணியன் பேரையாவது ஒரு வரி போட்டிருக்கலாம் சார்.

- ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்