பட்டறை வாசலில் நிற்கும் நீலநிற எம்ஜிபி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சேர்விசுக்கும் எம்ஓடி என்ற பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனைக்கும் வண்டி கொண்டுவரும் உங்களில் பலர், எங்கள் பட்டறை வாசலில் நிற்கும் அந்தத் திறந்த நீலக் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விகளைக் கேட்கிறீர்கள். எந்த ஆண்டுக் கார்? விற்கவா வைத்திருக்கிறீர்கள்? இணையத்தில் இதே கார் பாதி விலைக்குக் கிடக்கிறதே, அது ஏன்? வேலைக்கு நடுவில் நின்று முழுப் பதிலும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

விற்பனைக்குத்தான். 1965 தொடக்கத்தில் இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் செய்யப்பட்ட எம்ஜிபி ரோட்ஸ்டர் இது. இரண்டு இருக்கை, துணிக்கூரை, 1,798 சிசி எஞ்சின். எம்ஜிபி என்ற ஒரே பெயரில், 1962இல் இருந்து 1980 வரை, கூரை போட்ட ஜிடி வகையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. பெயர் ஒன்றுதான், கார் ஒன்றல்ல. எந்த ஆண்டில், எந்த மாதத்தில் செய்தது என்பதைப் பொறுத்து எஞ்சின் மாறும், கியர்பெட்டி மாறும், கதவுப் பிடி மாறும், தரையில் இருந்து கார் நிற்கும் உயரமே மாறும். நீங்கள் இணையத்தில் பார்த்ததும் எங்கள் வாசலில் நிற்பதும் பெரும்பாலும் இரண்டு வேறு கார்கள்.

எம்ஜியின் வேர் ஒக்ஸ்போர்டில். வில்லியம் மொரிஸுக்குச் சொந்தமான மொரிஸ் கராஜஸ் (சுருக்கமாக எம்ஜி) நிறுவனத்தை 1920களில் நடத்திய செசில் கிம்பர், சாதாரண மொரிஸ் கார்களுக்கு அழகான வேறு உடல் போட்டு விற்கத் தொடங்கினார். 1929இல் தொழில் அபிங்டனுக்குப் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்களுக்கு இந்தச் சின்ன ஆங்கிலக் கார்கள் மேல் பெரிய ஆசை வந்தது. 1955இல் வந்த எம்ஜிஏ ஒரு இலட்சத்தைத் தாண்டி விற்றது. அதற்கு அடுத்தது எம்ஜிபி.

எம்ஜிஏயின் அடியில் தனிச் சட்டகம் இருந்தது. உடலை அதன் மேல் தூக்கி வைத்துப் பூட்டுவார்கள். எம்ஜியின் பொறியாளர் சிட் எனவரும் அவருடைய குழுவும் எம்ஜிபிக்கு அந்தச் சட்டகத்தை எடுத்துவிட்டார்கள். உடலே சட்டகம். காரின் நீளம் மூன்று அங்குலம் குறைந்தது, ஆனால் உள்ளே இடம் கூடியது. உயரமான ஒருவர் முழங்கால் இடிக்காமல் இருந்து ஓட்டலாம். பின்னால் ஓரளவு பெட்டி வைக்கலாம். எம்ஜிபியை அவ்வளவு பேர் வாங்கியதற்கு வேகம் காரணம் அல்ல. 95 குதிரைத்திறன், மணிக்கு நூறு மைலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இன்றைய சாதாரணக் குடும்பக் கார் ஒன்று இதை எளிதாக முந்திவிடும். தினமும் வேலைக்குப் போய்வரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை எட்டக்கூடிய விலையில் தந்ததுதான் இதன் பெருமை என்பது எங்கள் எண்ணம்.

எஞ்சினைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒரு தனிச் செய்தி இருக்கிறது. இது அப்போது எம்ஜியை வைத்திருந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) நிறுவனத்தின் 'பி' வரிசை எஞ்சின். அந்த வரிசையின் 1,489 சிசி எஞ்சின்தான் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் மொரிஸ் ஒக்ஸ்போர்டிலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய அந்தக் கார்களை உங்களில் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டியதையும் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் அம்பாசடர் பல பத்தாண்டுகள் ஓடியதும் இதே வகை எஞ்சினில்தான். போன மாதம் பொனெற்றைத் திறந்து காட்டியபோது ஒரு ஐயா குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்கட கேம்பிரிட்ஜ் எஞ்சின் அல்லவா" என்றார். அவர் சொன்னது சரி. அந்த எஞ்சினைத்தான் பெரிதாக்கி, இரண்டு எஸ்யூ கார்பரேற்றர் பூட்டி இதில் வைத்திருக்கிறார்கள்.

இனி இந்தக் குறிப்பிட்ட காருக்கு வருகிறேன். 1962இல் வந்த முதல் கார்களில், எஞ்சினின் வளைதண்டை (கிராங்ஷாஃப்ட்) மூன்று பேரிங் தாங்கியது. 1,798 சிசிக்கு அது போதாது என்று கண்டு 1964 அக்டோபரில் ஐந்து பேரிங் எஞ்சின் கொடுத்தார்கள். அதிர்வு குறைந்தது, எஞ்சினின் ஆயுளும் கூடியது. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும், அதுவரை கேபிளில் ஓடிய சுழற்சிமானியும் அதோடு மின்சாரத்துக்கு மாறியது. மறுபக்கம், ஆரம்பக் கார்களின் கதவுக்கு மெல்லிய, இழுக்கும் பிடி இருந்தது. 1965 ஏப்ரல் வாக்கில் அது போய், பொத்தானை அமுக்கித் திறக்கும் பிடி வந்தது. ஆக, வலுவான எஞ்சினும் பழைய அழகான பிடியும் ஒரே காரில் சேர்ந்திருந்தது ஏறத்தாழ அரை ஆண்டு மட்டும். எங்கள் நீலக் கார் அந்த அரை ஆண்டுக்குள் பிறந்தது. எம்ஜிபி தேடுபவர்கள் இந்தக் காலத்துக் காருக்குக் கூடுதல் விலை கொடுப்பது அதனால்தான். அது வீண் ஆசை என்று நாங்கள் நினைக்கவில்லை.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1965இல் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரீனாவின் கைவண்ணத்தில் ஜிடி. 1967இல் இரண்டாம் வரிசை: முதல் கியருக்கும் சின்க்ரோமெஷ் (கியர் உரசாமல் மாற உதவும் அமைப்பு), டைனமோவுக்குப் பதில் ஆல்ரனேற்றர். அதே ஆண்டில் ஆறு சிலிண்டர் எம்ஜிசி வந்து 1969இல் நின்றது. 1973இல் இருந்து 1976 வரை ஜிடியில் மட்டும் வி8. இவை ஒவ்வொன்றுக்கும் தனி இரசிகர்கள் உண்டு.

ஆனால் 1974 இலையுதிர்காலத்தை அப்படிக் கடந்துபோக முடியாது. எம்ஜிபிகளில் பெரும்பாலானவை போனது அமெரிக்காவுக்கு. அங்கே மெதுவான மோதலில் விளக்குகள் உடையக்கூடாது, பம்பர் குறித்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. குரோம் பம்பரைக் கழற்றிவிட்டுப் பெரிய கறுப்பு பம்பர் போட்டார்கள். உயரக் கணக்குக்காகக் காரையே ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். வளைவில் கார் சாய்ந்தது. 1976இல் சாய்வு தடுக்கும் கம்பிகள் போட்டு ஓரளவு சரிசெய்தார்கள். அமெரிக்காவுக்குப் போன கார்களில் ஒரே கார்பரேற்றரும் புகைக் கட்டுப்பாடும் சேர்ந்து, 95ஆக இருந்த குதிரைத்திறன் 65க்கும் கீழே போனது. இணையத்தில் பாதி விலைக்கு நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் காலத்துக் கார். அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. கறள் இல்லாத 1978ஆம் ஆண்டுக் கார் ஒன்று கிடைத்தால், ஓட்டிப் பழக நல்ல கார், குறைந்த செலவில் வாங்கலாம். அதற்குக் குரோம் பம்பர் பூட்டி 1965 என்று காட்டி விற்பதைத்தான் நாங்கள் ஏற்க மாட்டோம். 1979 செப்டம்பரில் அபிங்டன் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். 1980 அக்டோபரில் கடைசிக் கார் வெளியே வந்தது.

இந்தக் கார் எங்களிடம் வந்தபோது சிவப்பாக இருந்தது. பார்வைக்குப் பளபளவென்று, கூப்பிட்டு வாங்கச் சொல்கிற மாதிரி இருந்தது. எங்களுக்குக் கவலை கதவின் கீழே இருந்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே கதவின் அடியில் ஓடும் தகரப் பெட்டியைப் பட்டறையில் 'சில்' என்போம். கூரை இல்லாத காரை நிமிர்த்தி வைத்திருப்பது அதுதான். மூடி இல்லாத சப்பாத்துப் பெட்டியைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், விளங்கும். எம்ஜிபியின் சில் வெளித்தகடு, நடுத்தகடு, உட்தகடு என்று மூன்று அடுக்கு, அடியில் இன்னொரு நீளத் தகடு. வெளித்தகடு மட்டும் புதிதாக இருந்தால் ஒன்றும் இல்லை. நடுத்தகடு கறள் பிடித்து உதிர்ந்திருந்தால் கார் மெல்ல நடுவில் தொய்யும், கதவு இடைவெளி மேலே ஒடுங்கும். இந்தக் காரில் முன்பு யாரோ பழைய கறளின் மேலேயே புதுத் தகடு வைத்து ஒட்டி, புட்டி பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். ஜாக்கியில் தூக்கியதும் கதவு இறுகித் திறக்க மறுத்தது.

சில்லை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்ட் பண்ணி, உடலை மட்டம் பார்த்துத் தாங்கு கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் கார் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. ஒரு பக்கம் முழுதாக முடித்து, கதவை மாட்டிப் பார்த்து, இடைவெளி சரியான பிறகுதான் மற்றப் பக்கத்தைத் தொட்டோம். பின் ஸ்பிரிங் பூட்டும் இடங்களையும், முன்மட்கார்டுக்குள் சேறு தேங்கும் மூலைகளையும் அப்படியே புதிதாக்கினோம். செலவில் பெரும்பங்கு போனது உங்கள் கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்களில். விலை வேறுபடும் இரு கார்களை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

முழுப் புது உடலே வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். வாங்கலாம். 1988இல் இருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிற்றேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபி உடல்களைச் செய்து விற்கிறது. தரமான வேலை. அடியோடு கறள் பிடித்த காருக்கு அதுவே சரி. இந்தக் காரின் தரை, எஞ்சின் அறை, பின்பகுதி எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. நல்ல உலோகத்தை எறிந்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. புதுத் தகடு வேண்டிய இடத்துக்கு மட்டும் அவர்களுடைய தகடுகளை வாங்கினோம்.

நிறம் எப்படி நீலமானது என்றால், டாஷ்போர்டைக் கழற்றியபோது அதன் பின்னால் யாரும் தொடாத நீலம் கிடந்தது. கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. அதில் 'ஐரிஸ் புளூ' என்றே இருந்தது. சிவப்பில் விட்டால் விரைவில் விற்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் பிறந்த நிறத்துக்கே திருப்பினோம். இருக்கைத் தோல், விளிம்பு நாடா, சொரசொரப்பான கறுப்பு டாஷ்போர்டு எல்லாம் அந்த ஆண்டுக்கு உரியவை.

சில இடங்களில் காலத்துக்கு ஏற்ப மாற்றியிருக்கிறோம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்போது ஈயம் கலந்த பெற்றோல் இல்லை, அதனால் வால்வு இருக்கைகளைக் கடினமானதாக மாற்றினோம். எரிபொருள் குழாய்களும் புதிய வகை. ஆனாலும் நிலையத்தில் ஈ5 என்று எழுதியிருக்கும், எத்தனோல் குறைவான சூப்பர் பெற்றோலையே அடியுங்கள். எஞ்சின் ஒயில் 20டபிள்யூ-50. மின்சாரத்தை மாற்றவில்லை. 1965 காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பற்றரிகள் உள்ளன. இது தெரியாமல் வேறு காரில் இருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணவோ, போன் சார்ஜர் பூட்டவோ வேண்டாம். எங்களைக் கூப்பிடுங்கள்.

நாற்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யாத கார் என்பதால் இதற்குச் சாலை வரி இல்லை, எம்ஓடியும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் யாரிடமாவது காட்டுங்கள். எங்களிடம்தான் வர வேண்டும் என்பதில்லை.

வேறு இடத்தில் எம்ஜிபி பார்க்கப் போகிறீர்கள் என்றால், சேசி இலக்கத்தின் தொடக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிஎச்என்3 என்றால் முதல் வரிசை ரோட்ஸ்டர், 4 என்றால் 1967க்குப் பிந்தியது, 5 என்றால் அதற்கும் பிந்தியது. எல் என்ற எழுத்து இருந்தால் இடப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்த கார். விற்பவர் சொல்லும் ஆண்டோடு இது ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோய்ச் சில் நெடுகிலும் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் புட்டி. கதவைத் திறந்து மூடிக் கேளுங்கள். முடிந்தால் ஜாக்கியில் தூக்கி ஒருமுறை, இறக்கி ஒருமுறை.

வெல்டிங் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம். கேய்டன் சான்றிதழும் அதற்குள்தான். சனிக்கிழமை காலையில் வந்தால் காரை மேலே தூக்கி அடிப்பக்கம் காட்டலாம், வாங்க நினைப்பவர்கள் மட்டும்தான் என்று இல்லை. ஓட்டிப் பார்க்க விரும்புபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காப்புறுதிக்கு ஒழுங்கு செய்ய வேண்டும். மழை பெய்தால் அடுத்த சனி.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையினர்