பலூனுக்கு நிறம் இல்லை

அன்பு நண்பருக்கு,

வணக்கம். பழைய கேசட்டுகளைத் துடைத்து அடுக்கும்போது மேற்கு ஜெர்மன் இசைக்குழுவான நேனாவின் ‘99 ரெட் பலூன்ஸ்’ (தொண்ணூற்றொன்பது சிவப்பு பலூன்கள்) பாட்டு கைக்குக் கிடைத்ததாகவும், அதில் வரும் சிவப்பு சோவியத்தைத்தான் குறிக்கிறது என்ற உங்கள் வாதத்தில் இன்றும் மாற்றமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விடுதி மொட்டைமாடியில் நாம் தொடங்கிய அந்த வழக்கில் எனக்கு ஒரு புதிய சாட்சி கிடைத்திருக்கிறது. வேலைக்காக ஜெர்மன் படித்துவரும் என் இளைய மகள், ஜெர்மன் மூலப் பாட்டின் வரிகளை அச்செடுத்து வந்து ஒவ்வொரு வரியாகப் பொருள் சொன்னாள். அந்தத் தாளில் தொண்ணூற்றொன்பது பலூன்கள் பறக்கின்றன. ஆனால் சிவப்பு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

கெவின் மக்கலே என்பவர் அப்பாட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதியபோதுதான் அந்த நிறம் வந்து சேர்ந்தது. ஜெர்மன் சொல்லில் இருந்த அசைகள் ஆங்கிலத்தில் குறைந்துபோக, சந்தத்தை நிரப்ப ஒரு சொல் தேவைப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. நன்னூலார் இசைநிறை என்பாரே, அதைப் போன்ற ஒன்றுக்காகத்தான் நாம் இத்தனை ஆண்டுகள் சண்டையிட்டிருக்கிறோம்!

பாட்டு பிறந்த கதையை நீங்கள் அறிவீர்களா? 1982 ஜூனில் மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் நடத்திய கச்சேரியின் முடிவில் பலூன்களைப் பறக்கவிட்டார்கள். கூட்டத்தில் இருந்த நேனா குழுவின் கிட்டார் கலைஞர் கார்லோ கார்கஸ், அவை காற்றில் உருமாறி ஏதோ விண்கலம்போல நகர்வதைக் கண்டு, இவை பெர்லின் சுவரைத் தாண்டிச் சோவியத் பக்கமான கிழக்கே போனால் என்ன ஆகும் என்று எண்ணினாராம். அந்த எண்ணமே பாட்டாயிற்று. வானில் தெரிவது இன்னதென்று அறியாத தளபதி போர் விமானங்களை அனுப்புகிறார். தங்களைப் பெரிய வீரர்களாக நினைத்துக்கொண்ட விமானிகள் பலூன்களைச் சுடுகிறார்கள். அண்டை நாட்டாருக்கு அது சீண்டலாகப் படுகிறது. பிறகு தீக்குச்சியும் பெட்ரோல் கேனுமாகத் தொண்ணூற்றொன்பது போர் அமைச்சர்கள் வந்து நிற்கிறார்கள். ஆங்கில வடிவத்தில் பொம்மைக் கடையில் பலூன் வாங்கும் காட்சி முதலிலேயே வந்துவிடுகிறது. மூலத்தில் கடையும் இல்லை, வாங்கியவரும் இல்லை. யாருடையவை என்று தெரியாத பலூன்கள் என்பதால்தான் எனக்கு அது கூடுதலாக அச்சமூட்டுகிறது. இசைக்குழுவினருக்கே ஆங்கில வரிகளில் முழுத் திருப்தி இருக்கவில்லை.

1983-இல் மேற்கு ஜெர்மனியில் முதலிடம் பிடித்த இப்பாட்டு, மறு ஆண்டு மார்ச்சில் பிரிட்டனில் ஆங்கில வடிவத்தில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் நடந்ததுதான் விந்தை. அங்கே வானொலிகள் ஜெர்மன் வடிவத்தையே விரும்பி ஒலிபரப்ப, பெரும்பாலோர்க்குப் பொருள் விளங்காத அப்பாட்டு பில்போர்டு என்ற இசைத் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. அதற்கு மேலே வான் ஹேலன் குழுவின் ‘ஜம்ப்’ உட்கார்ந்திருந்தது. 1983 இறுதியில் பெர்ஷிங் என்ற அணு ஏவுகணைகளை மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பத் தொடங்கிய நாட்டில், அவை வந்து இறங்கிய மண்ணின் அச்சத்தைச் சொல்லும் பாட்டுக்கு இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மெட்டின் துள்ளல் பொருளை மறைத்துவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துள்ளல் இல்லாதிருந்தால் அந்தப் பாட்டு பெர்லினைத் தாண்டியே இராது.

பாட்டில் வருவது போன்ற ஒரு குழப்பம் உண்மையிலும் நேர்ந்தது. 1983 செப்டம்பர் 26 அன்று, ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவி அறிவித்தபோது, பணியில் இருந்த சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அது பொய் எச்சரிக்கை என்று முடிவு செய்தார். மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது. பாட்டு வெளியாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன! இச்செய்தி உலகுக்குத் தெரியவந்ததோ பல ஆண்டுகளுக்குப் பிறகு.

உங்கள் கேசட்டில் ஆங்கிலப் பாட்டுக்கு அடுத்து ஜெர்மன் பாட்டும் பதிவாகியிருந்தது நினைவிருக்கிறதா? புரியாத மொழி என்று அதை ஒவ்வொரு முறையும் ஓட்டித் தள்ளிவிடுவோம். நாடா அறுபடாமல் இருந்தால் இம்முறை ஓட்டாமல் கேளுங்கள். மகள் எழுதித் தந்த தமிழ்ப் பொருளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்