தாபோவுக்கு அரை மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த இமயமலைப் பயணக் கட்டுரையைப் படித்தேன். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அரிது என்பதால் மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். ஆனால், அங்குள்ள தாபோ பௌத்த மடாலயத்துக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியிருந்தது இரண்டே வரிகள். ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவுக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும், வெளித்தோற்றம் மிக எளிமையானது என்றும் எழுதியிருந்தார். இரண்டாவது செய்தி உண்மை. முதலாவதைப் பற்றித்தான் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் என் துணைவியாரும் சென்ற செப்டம்பரில் அங்கே போயிருந்தோம். சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக, சத்லஜ் ஆற்றை ஒட்டியே செல்லும் சாலையில் ஏறி, காப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு சத்லஜில் கலப்பதைப் பார்த்துவிட்டு, நாக்கோ என்ற சிற்றூரில் ஓர் இரவு தங்கினோம். நாக்கோ தாபோவைவிட உயரத்தில் இருக்கிறது. அங்கேயே துணைவியாருக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. தாபோ 10,000 அடியைச் சற்றே தாண்டிய உயரத்தில், ஆற்றங்கரையில் சமதளமாக அமைந்த ஊர் என்பதால், அங்கே இறங்கி இரண்டு இரவுகள் ஓய்வெடுத்துவிட்டு மேலே போகலாம் என்று முடிவு செய்தோம். ஆகவே, மடாலயத்தை நாங்கள் நிதானமாகப் பார்த்த பெருமை எங்கள் ரசனைக்கு உரியதன்று. அந்தத் தலைவலிக்கே உரியது.

முதல் நாள் மாலை நாங்களும் அரை மணி நேரம்தான் உள்ளே இருந்தோம். கண்ணைக் கூசவைக்கும் மலைவெயிலில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்ததும் ஒன்றும் புலப்படவில்லை. முதன்மைக் கோயிலின் கூடத்துக்குச் சன்னல் கிடையாது. கூரையிலுள்ள சிறு திறப்பின் வழியே இறங்கும் வெளிச்சம்தான் உண்டு. கைவிளக்கை அடித்துப் பார்த்தால் வட்டமான ஒளியில் ஒரு முகம் தெரியும், பிறகு ஒரு கை, பிறகு ஆடையின் ஒரு மடிப்பு. ‘ஒன்றும் சரியாகத் தெரியவில்லையே’ என்று பேசிக்கொண்டே வெளியே வந்தோம். மறுநாள் காலை மீண்டும் போய், விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் கால் மணி நேரம் பேசாமல் அமர்ந்திருந்த பிறகுதான் அந்தக் கூடம் எங்களுக்குத் தன்னைக் காட்டத் தொடங்கியது. கட்டுரையாளர் சொன்ன அரை மணி நேரத்தில் பாதி, கண் இருட்டுக்குப் பழகுவதற்கே போய்விடும்.

இருட்டு பழகியதும் தெரிவது இதுதான். சுவர்களில் ஆள் உயரத்துக்கு மேலே, ஏறக்குறைய ஆள் அளவிலேயே செய்யப்பட்ட 32 சுதைச் சிற்பங்கள், சுவரைவிட்டு விலகி அந்தரத்தில் அமர்ந்திருப்பவை போல வரிசையாகச் சுற்றிவரக் காணப்படுகின்றன. கூடத்துக்குள், ஐந்து தியானி புத்தருள் நடுவிலுள்ளவரான வைரோசனர் நான்கு உருவங்களாக, முதுகோடு முதுகு சேர்ந்து நான்கு திசைகளையும் நோக்கி அமர்ந்திருக்கிறார். வைரோசனரை நடுவில் வைத்துத் தெய்வ உருவங்களைச் சுற்றிலும் அமைக்கும் வஜ்ரதாது மண்டலம் என்று பௌத்தர்கள் துணியில் வரைந்தும் வண்ணப்பொடியால் இட்டும் காட்டுகின்ற அந்த வடிவம், இங்கே ஒரு கட்டடமாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. படமாக வரைந்த மண்டலத்தை எதிரே நின்று பார்க்கிறோம்; தாபோவில் அதன் உள்ளேயே நிற்கிறோம். எந்தப் படமும் இதைக் காட்டிவிட முடியாது என்பதால், உள்ளே படம் எடுக்கக் கூடாது என்ற விதியால் நமக்கு இழப்பு ஒன்றும் இல்லை என்றே எனக்குத் தோன்றியது.

சிற்பங்களுக்குக் கீழே ஓவியங்கள் இருக்கின்றன. இவற்றுக்காகத்தான் தாபோவை இமயத்தின் அஜந்தா என்கிறார்கள். இத்தகைய பட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு, ஏனென்றால் அஜந்தாவைப் பார்த்தவர் அதே கண்ணோடு இங்கே வந்தால் ஏமாந்துபோவார். இங்குள்ள வண்ணங்களும் முகங்களும் வேறு, காஷ்மீர்க் கலைஞர்களின் கைவண்ணம் கலந்தவை. கிழக்கு வாயிலில் நுழைந்து முறைப்படி வலமாகச் சுற்றத் தொடங்கினால் முதலில் வருவது தெற்குச் சுவர். அதில் சுதனன் என்ற வணிகர் மகனின் பயணம் வரையப்பட்டிருக்கிறது. வடக்குச் சுவரில் வருவது புத்தரின் வாழ்க்கை. நம் கால் நடக்க நடக்கக் கதையும் நகர்கிறது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு விளக்கை மட்டும் சுழற்றுபவருக்கு இந்த அமைப்பு பிடிபடாது.

சுதனன் கதை கண்டவியூக சூத்திரம் என்ற மகாயான பௌத்த நூலில் வருவது. மெய்யறிவைத் தேடும் அந்த இளைஞனை, அறிவின் போதிசத்துவரான மஞ்சுஸ்ரீ தெற்கு நோக்கி அனுப்புகிறார். அவன் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒருவர் பின் ஒருவராகச் சந்திக்கிறான். அவர்கள் எல்லாரும் துறவிகள் அல்லர். மன்னர், மாலுமி, சிறுவர், இல்லறத்தார் எனப் பலவகையினர் இருக்கிறார்கள். பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவன் தொடக்கத்திலேயே சந்திக்கும் ஆசிரியர்களுள் ஒருவர் திராவிட நாட்டைச் சேர்ந்த மேகன் என்பதைப் படித்திருந்த எனக்கு, திபெத்திய எல்லையருகே, பனிமலைகளுக்கு நடுவே, ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு சுவரில் நம் திசையைச் சேர்ந்த ஒருவரைத் தேடும் ஆவல் இருந்தது. ஓவியங்களை ஒட்டித் திபெத்திய எழுத்தில் சூத்திரத்தின் பகுதிகள் எழுதப்பட்டிருந்தும், அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாததால் அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று என்னால் கண்டுகொள்ள முடியவில்லை. இதைச் சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

மடாலயம் நிறுவப்பட்டது கி.பி. 996இல். தஞ்சைப் பெரிய கோயில் முடிய அப்போது இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன என்றால் நம் வாசகர்களுக்குக் காலம் எளிதில் விளங்கும். மேற்குத் திபெத்தை ஆண்ட குகே அரச மரபினரான யேஷே ஓ இதை நிறுவினார் என்றும், 46 ஆண்டுகளுக்குப் பிறகு அதே மரபில் வந்த ஜங்சுப் ஓ இதைப் புதுப்பித்தார் என்றும் கோயிலுக்குள்ளேயே உள்ள கல்வெட்டுப் போன்ற எழுத்து தெரிவிக்கிறது. கல்லில் வெட்டியதன்று, சுவரில் மையால் எழுதியது. மேற்குத் திபெத்தில் அப்போது நிகழ்ந்த பௌத்த மறுமலர்ச்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரும்பெயர் மொழிபெயர்ப்பாளரான ரிஞ்சென் சங்போ (958–1055). சமஸ்கிருத நூல்களைக் கற்றுவர யேஷே ஓ 21 இளைஞர்களைக் காஷ்மீருக்கு அனுப்பினார் என்றும், சமவெளியின் வெப்பத்தையும் நோயையும் தாங்காமல் மற்றவர்கள் இறந்துபோக இருவரே திரும்பினார்கள் என்றும், அவ்விருவருள் ஒருவர் ரிஞ்சென் சங்போ என்றும் திபெத்திய மரபு கூறுகிறது. அங்கே இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் நாம் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது. நம்மை அவர்களுடைய உயரம் வருத்துவது போல, அவர்களை நம்முடைய தாழ்நிலம் வருத்தியிருக்கிறது. அவர்களோ அதற்கு உயிரையே கொடுத்திருக்கிறார்கள்.

இனி, கட்டுரையாளர் எளிமை என்று குறிப்பிட்ட வெளித்தோற்றத்துக்கு வருகிறேன். மதிலுக்குள் ஒன்பது கோயில்களும் தூபிகளும் இருக்கின்றன, எல்லாம் மண். வெயிலில் உலர்த்திய மண்கட்டிகளால் எழுப்பிய தடித்த சுவர், அதன்மேல் மண்பூச்சு, மரவிட்டங்களின் மேல் சுள்ளிகளைப் பரப்பி மண்ணை இறுக்கிய தட்டைக்கூரை, இவ்வளவுதான். கல்லையே அழியாப் பொருளாக நினைத்துப் பழகிய நமக்கு, மண் எப்படி ஆயிரம் ஆண்டு நின்றது என்ற கேள்வி எழவேண்டும். விடை, அந்தப் பள்ளத்தாக்கின் வானத்தில் இருக்கிறது. பருவமழை மேகங்களைத் தெற்கிலுள்ள மலைத்தொடர்கள் தடுத்துவிடுவதால் ஸ்பிதி ஒரு குளிர்ப்பாலைவனம். அங்கே பெய்வதில் பெரும்பகுதி பனி. பனியைக் கூரையிலிருந்து வாரிக் கீழே தள்ளிவிடலாம். மழையை அப்படித் தள்ள முடியாது. அது மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அப்படி இறங்கிய நீரின் தடங்களை நாங்கள் உள்ளே பார்த்தோம். ஓவியங்களின் மேல் பழுப்பு நிறத்தில், கூரை மண் கரைந்து வழிந்த கோடுகள் நீண்டு கிடந்தன. சில இடங்களில் ஒரு முகத்தின் பாதியை அந்தக் கோடு கொண்டுபோயிருந்தது. கூரையில் மேலும் மண்ணைக் கொட்டினால் ஒழுகல் நிற்கலாம், ஆனால் பழைய விட்டங்களின்மேல் எடை கூடும். சிமென்ட் பூசினால் மண்சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, ஓவியப்பூச்சைத் தள்ளிவிடும். இது எளிய பழுதுபார்ப்பு வேலையன்று. மடாலயம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. என்றாலும் மலைகளில் மழையின் போக்கு மாறிவருவதை எந்தத் துறையும் தனியாக நின்று தடுத்துவிட முடியாது. 1975 சனவரி 19 அன்று கின்னோரை உலுக்கிய, 6.8 அளவுள்ள நிலநடுக்கத்தில் சேதமுற்றும் இக்கோயில் விழாமல் நின்றது. அப்படி நின்றதை மெல்ல மெல்லப் பெய்யும் மழை கரைத்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு.

இங்கே ஒன்றை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. தாபோ எழுந்த அதே காலத்தில்தான் நாகப்பட்டினத்தில், ஸ்ரீவிஜய மன்னரின் கொடையால், முதலாம் இராசராசனின் ஆதரவோடு சூடாமணி விகாரை எழுந்தது. அது செங்கல் கட்டடம், மண்ணைவிட உறுதியானது. அங்கே எஞ்சியிருந்த பௌத்தக் கோபுரத்தை 1867இல் மனிதர்களே இடித்தார்கள். மண்ணால் ஆனது நிற்கிறது, செங்கல்லால் ஆனது இல்லை. தாபோவில் வழிபாடு ஒருநாளும் கைவிடப்படாமல், ஊரார் ஆண்டுதோறும் பூசியும் மெழுகியும் பனியை வாரியும் வந்ததுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். இப்போதும் காலை வழிபாடு நடக்கிறது. 1983இல் கட்டப்பட்ட புதிய கூடத்தில் இளம் பிக்குகள் ஓதும் ஒலி பழைய கோயில் முற்றம்வரை கேட்கிறது.

இந்த இடத்தில்தான் நம் நடத்தை முக்கியமாகிறது. நாங்கள் இருந்த இரண்டு நாள்களிலும் வந்தவர்களில் பெரும்பாலோர் வண்டியிலிருந்து இறங்கி, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, பிக்கு அந்தப்பக்கம் திரும்பியதும் கைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களே. ஒருவர் ஓவியத்தின்மேல் விரலை வைத்தே தம் பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. விரலின் எண்ணெய்ப்பசையும் உராய்வும் அந்தச் சாயத்தை என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான். பயணக் கட்டுரைகள் சொல்ல வேண்டியது அதைத்தான். எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்பதை எந்த வண்டியோட்டியும் சொல்லிவிடுவார்.

ஆகவே, தங்கள் சுற்றுலாப் பகுதியில் இத்தகைய இடங்களைப் பற்றி இனி எழுதும்போது சிலவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாபோவுக்குக் குறைந்தது ஓர் இரவாவது ஒதுக்கச் சொல்லுங்கள். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கோயிலுக்குள் போனால்தான் கண்ணுக்கும் மனத்துக்கும் ஏதாவது கிடைக்கும். இடையில் பகலில், ஊருக்கு மேலே மண்பாறையில் குடையப்பட்டிருக்கும் பழைய குகைகளுக்கு மெல்ல ஏறிப் போய்வரலாம். பிக்குகள் குளிர்காலத்தில் தங்கியிருந்த இடங்கள் அவை. மங்கலான சிறு கைவிளக்கு ஒன்றைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கண்ணைப் பறிக்கும் பெரிய விளக்கு வேண்டாம். சுவரைத் தொடக் கூடாது, முதுகுப்பையை வெளியே வைத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்; குறுகிய சுற்றுப்பாதையில் பையின் ஓரம் சுவரில் உரசுவதை அதைச் சுமப்பவர் அறிவதில்லை.

வழியைப் பற்றியும் கட்டுரையில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. மணாலியிலிருந்து போவதே சுருக்கமான வழி என்று மட்டும் அதில் இருந்தது. அது உண்மைதான்; ஆனால் அந்த வழியில் 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயை, உடல் பழகுமுன்பே கடக்க வேண்டும்; குளிர்காலத்தில் அது மூடியும்விடும். கின்னோர் வழி நீளமானது, நிலச்சரிவுகளால் அவ்வப்போது அடைபடுவது. என்றாலும் படிப்படியாக ஏறுவதால் வயதானவர்களுக்கு ஏற்றது. இந்தியக் குடிமக்களுக்கு அங்கே தனி அனுமதிச்சீட்டு தேவையில்லை, வெளிநாட்டவருக்குத்தான் தேவை என்பதையும் குறிப்பிட்டிருந்தால், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரோடு கிளம்புபவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

இக்கடிதத்தை முழுமையாக வெளியிட இடம் இல்லையென்றால், சுவரைத் தொடக் கூடாது என்ற ஒரு வரியையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்