இடிகம்பில் ஒரு கோடு

அப்புத்தளை
10.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் இந்த மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தை இரவில் தேய்த்துவிடுகிறேன்.

வாய்வழியாக வெடிமருந்து இடிக்கிற உன் புதுத் துவக்கோடு ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகுகிற இடத்துக்குப் போன வீடியோ வந்து சேர்ந்தது. அக்கா மகன்தான் போனில் எடுத்துக் காட்டினான். அன்று இரவு திரும்பத் திரும்பப் பார்த்தேன், நேற்றும் பார்த்தேன். ஐந்து வெடி. முதல் நான்கையும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஐந்தாவதைப் பார்த்து வயிறு கலங்கிவிட்டது. போனில் சொன்னால் "சரிப்பா, பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் துவக்குப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெடிமருந்தைக் குப்பியிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டாமல், பித்தளை அளவையில் அளந்து ஊற்றினாய். அது பெரிய விஷயம். முந்தின வெடியின் நெருப்புத் துணுக்கு குழலின் அடியில் உயிரோடு கிடந்தால், அளவையில் இருப்பது மட்டும்தான் பற்றும். குப்பியோடு சாய்த்தால் குப்பியே கையில் வெடிக்கும். முதல் மருந்து போடுமுன் வெறும் கேப்பை (மருந்தைப் பற்றவைக்கிற சின்ன வெடிமூடியை) அடித்து எண்ணெய்ப் பிசுக்கை எரித்தாய், துணித்துண்டை ஈயக்குண்டுக்கு அடியில் நேராக வைத்தாய். நீ சின்ன வயதில் கொப்பிக்கு உறை போடுகிற மாதிரி, மூலை பிசகாமல். அம்மாவிடமும் அதைச் சொன்னேன்.

இனி ஐந்தாவது வெடி.

நான்காவது வெடிக்குப் பிறகு நீ குழலைத் துடைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் ஏதோ சொல்ல, அவரோடு பேசிக்கொண்டே மருந்து போட்டாய். குண்டை இறக்கும்போது பாதிக்குக் கீழே இறுகியது. இரண்டு கையாலும் அமுக்கினாய். அது நின்ற இடத்தையே அடி என்று எடுத்துக்கொண்டாய். முதல் நான்கு தடவையும், குண்டை உள்ளே இடித்து இறக்குகிற இடிகம்பின் பித்தளை முனை துவக்கு வாய்க்கு மேலே ஒரு கைப்பிடி உயரம்தான் நின்றது. ஐந்தாவது தடவை கைப்பிடிக்கு மேலே இன்னும் இரண்டு விரல் நின்றது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, போன் கண்ணாடியில் நூல் பிடித்து அளந்து பார்த்தேன். அந்த இரண்டு விரலும் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் இருந்த வெற்றிடம்.

"நாலு குண்டும் ஒரு தேசிக்காய் அகலத்துக்குள் விழுந்தது, ஐந்தாவது எங்கே போனதென்றே தெரியல, துவக்கில் ஏதும் பிழையோ" என்று கேட்டிருந்தாய். துவக்கில் ஒரு பிழையும் இல்லை. குண்டு மருந்தின் மேல் உட்காரவில்லை, அவ்வளவுதான். ஒட்டி உட்கார்ந்திருந்தால் நெருப்புப் பிடித்த கணமே குண்டு நகரத் தொடங்கிவிடும். இடைவெளி விட்டு நின்றால் குண்டு குழலுக்கு நடுவே அடைப்பாகிவிடும். ஓடி வருகிற நெருப்புப் புகை அதில் மோதி, போக வழியில்லாமல் குழலைப் பக்கவாட்டில் தள்ளும். இரும்பு தாங்கினால் குண்டு திசை தவறிப் போகும். தாங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை.

1969இல் எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் இருந்த தோட்டத்து லயத்துக்குக் கீழே, ஓடையைத் தாண்டினால் நாட்டார் வயல்கள், சிங்களக் கிராமத்து ஆட்களுடையவை. அங்கே ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அவரைச் சீயா என்றுதான் கூப்பிடுவோம், சிங்களத்தில் தாத்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் தாத்தா அவருடைய வயலில் வேலை செய்வார், நானும் கூடப் போவேன். சீயாவிடம் லைசன்ஸோடு ஒரு இடியன் துவக்கு இருந்தது. லைசன்ஸ் புத்தகத்தை வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருப்பார், வருஷா வருஷம் புதுப்பிப்பார். நெல் வெட்டிய வயலில் உருளைக்கிழங்கு போட்டால், காட்டுப்பன்றி ஒரே இரவில் பாத்தி பாத்தியாகக் கிண்டிப்போட்டுவிடும். அதற்குத்தான் துவக்கு.

அவருடைய இடிகம்பு கித்துள் மரத்தில் செதுக்கியது. கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போய், எண்ணெய் பூசின மாதிரி மினுங்கும். அதில் கத்தியால் வெட்டிய இரண்டு காடி இருந்தது. வெறும் குழலுக்குள் விட்டால் மேல் காடி வாய்க்குச் சரியாக வரும். மருந்தும் தும்பும் ஈயமும் போட்டு இடித்த பிறகு கீழ்க் காடி வரும். "கீழ்க் காடி வாய்க்கு வராமல் கேப்பு போடாதே" என்று அரைத் தமிழில் சொல்வார். இருட்டில் அவர் கண்ணால் பார்க்க மாட்டார். கட்டைவிரல் நகத்தால் அந்தக் காடியைத் தடவிப் பார்ப்பார். அந்த நகம் காடிக்குள் விழுகிற சின்னச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அன்று இரவு சீயாவுக்குக் காய்ச்சல். மருமகன்தான் காவலுக்குப் போனார், லாம்பு பிடிக்க நான் போனேன். ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். துவக்கை எடுத்தவர் இடிகம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். திரும்பி ஏறிப் போகச் சோம்பல், பன்றி வேறு உறுமுகிறது. வேலியோரக் கொய்யாவில் ஒரு கம்பை ஒடித்து அதனால் இடித்தார். மூன்று இரவாகக் கழுவாத குழல். முதல் வெடி சரியாகப் போனது. இரண்டாவதுக்கு ஈயம் நடுவழியில் இறுகியது. புதுக் கம்பில் காடி ஏது? இரண்டு குத்துக் குத்தினார், போதும் என்று கேப்பைப் போட்டார்.

வெடிச் சத்தமே வேறு மாதிரி இருந்தது. தகரத்தைக் கிழித்த மாதிரி. லாம்பு அணைந்துவிட்டது. நெருப்புக்குச்சி உரசிப் பார்த்தால், இடது கை பிடித்திருந்த இடத்தில் குழல் வாழைப்பூ மடல் விரிந்த மாதிரி விரிந்து கிடந்தது. இரண்டு விரல் இல்லை. என் சட்டையைக் கழற்றித்தான் கையைச் சுற்றினேன். விடியற்காலை லொறி வரும்வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

பிழைத்துக்கொண்டார். மூன்று விரலோடு அதற்குப் பிறகும் நெடுங்காலம் மண்வெட்டி பிடித்தார். அடுத்த வருஷம் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனபோது சீயாவின் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து நெருப்பு ஊதிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது அந்தத் துவக்குக் குழலின் முன்பாதி. பிளந்த பாகத்தை அறுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஊதுகுழலாக்கியிருந்தார்கள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றத்தான் அந்த நெருப்பு. குடிக்க முடியவில்லை.

ஆகவே தம்பி, நீ அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகுமுன் வீட்டிலேயே வெறும் குழலுக்குள் இடிகம்பை விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கோடு போடு. பிறகு ரேஞ்சில், துடைத்த குழலில், உன் வழக்கமான 60 கிரேன் (grain) அளவு மருந்தும் துணியும் குண்டும் போட்டு நன்றாக உட்கார்த்தி இரண்டாவது கோடு போடு. மருந்தின் அளவை மாற்றினால் கோடும் மாறும், புதிதாகப் போட வேண்டும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம் துடை. உங்கள் ஊர்க் குளிர்காற்று காய்ந்தது, அதில் கரி ஓடு மாதிரி இறுகும். நம்ம மூடுபனியில் அது பிசுபிசுப்பாக இருக்கும், கொஞ்சம் வழிவிடும். நாலு வெடி துடைக்காமல் போனதென்று யாராவது சொன்னால் கேட்காதே. குண்டு நடுவில் இறுகினால் கேப்பு போடவே கூடாது. அங்கே பொறுப்பாக நிற்கிறவரைக் கூப்பிட்டு, அதை வெளியே எடுக்க வழி கேள்.

இன்னொன்றும் பார்த்தேன். மூன்றாவது வெடிக்கு முதல் கேப்பு "டிக்" என்றது, மருந்து பற்றவில்லை. உடனே துவக்கைத் தோளிலிருந்து இறக்கி, திருப்பிப் பார்த்தாய். இந்த வகைத் துவக்கு சில நேரம் யோசித்து வெடிக்கும். சோங்கு (தோளில் வைக்கிற கட்டை) தோளிலேயே இருக்கட்டும், வாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், குறைந்தது ஒரு முழு நிமிஷம். நீ அனுப்பிய கையேட்டுப் பக்கத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது, அகராதி வைத்து வாசித்தேன். புகையில்லாத மருந்து இதற்குள் ஒரு சிட்டிகைகூடப் போகக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கிறதே, அதையும் மறக்காதே.

கழுவுவதற்குக் கடைத் திரவமெல்லாம் வாங்கினாயாம். வேண்டியதில்லை. சீயா கொதிதண்ணீரும் சவர்க்காரமும்தான் பாவிப்பார். சூடாக ஊற்றினால் இரும்பும் சூடாகி, ஈரம் தானாகக் காய்ந்துவிடும். கறுப்புத் தண்ணீர் அழுகின முட்டை நாற்றத்தோடு வரும், அது தெளியும்வரை ஊற்ற வேண்டும். பிறகு தேங்காய் எண்ணெய். நம்ம ஊர்க் குளிரில் போத்தலுக்குள் உறைந்துபோயிருக்கும், அடுப்பங்கரையில் வைத்து உருக்கித்தான் தடவுவார். சுட்ட அன்றைக்கே கழுவு. அந்தக் கரி ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் துருவைக் கொண்டுவந்துவிடும்.

சக்கிமுக்கிக் கல் வைத்த புதுத் துவக்குக்கு அங்கே கனடாவில் லைசன்ஸ் வேண்டாம், கேப்பு போடுகிறதுக்கு வேண்டும் என்று நீ சொன்னது எனக்குப் புதுமையாக இருந்தது. நீ லைசன்ஸ் எடுத்துத்தான் வாங்கினாய் என்பதில் நிம்மதி. இங்கே 1916ஆம் வருஷத்துச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. ரேஞ்ச் என்றால் எங்களுக்குத் தெரிந்தது தியத்தலாவையில் பட்டாளத்துப் பிள்ளைகள் பழகுகிற இடம் ஒன்றுதான்.

மான் வேட்டைக்கும் போகலாம் என்று உன் சிநேகிதர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். சட்டம் இடம் கொடுத்தால் அது உன் விருப்பம். என் மனசு மட்டும் சொல்கிறேன். நம்ம அப்புத்தளையில் 1845 ஜூன் 7ஆம் திகதி இடி விழுந்து செத்தார் மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர். 1,400 யானைக்கு மேல் சுட்டவர் என்கிறார்கள். நீ வைத்திருக்கிற மாதிரி வாய்வழியாக மருந்து இடிக்கிற துவக்குகளால்தான். நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்துப் பக்கம் கல்லறை இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்தேன். இப்போது இந்த மலையில் யானை இல்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டிச் செத்தது. அந்தப் படத்தைப் பார்த்து அம்மா அழுதார். நீ காகிதத்தைச் சுடுகிறவரைக்கும் எனக்கு முழுச் சந்தோஷம், அதற்கு மேல் நீயே யோசித்துக்கொள்.

நாலு குண்டும் இலக்குக்குக் கீழே இடது பக்கம் விழுந்ததைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போதைக்குக் குறிப்பல்லை (குறி பார்க்கிற சின்ன முனையை) தொடாதே, மருந்தையும் கூட்டாதே. துடைத்துத் துடைத்து, இதே அளவில் இருபது வெடி வை. அப்போதும் அதே இடத்தில்தான் விழுந்தால் பிறகு குறியை நகர்த்து. இலக்குக்கு முன்னால் விழுந்து கிடக்கிற துணித்துண்டுகளை, சுடுவதை நிறுத்துகிற நேரத்தில் பொறுக்கி வா. நடுவில் எரிந்து ஓட்டையாகியிருந்தால் துணி மெல்லிசு, வேறு துணி பார். அவற்றையும் படம் எடுத்து அனுப்பு, நானும் பார்க்க ஆசை.

அக்கா மகனுக்கு உன் வீடியோ பார்த்ததிலிருந்து வேறு பேச்சில்லை. அவனுக்கு சீயாவின் கதையைச் சொல்லிவிட்டேன்.

கோடு போட்டதும் இடிகம்பைப் படம் பிடித்து அனுப்பு. பேனையால் வேண்டாம், தண்ணீர் பட்டால் அழிந்துவிடும். கத்தியால் வெட்டு, நகம் விழுகிற ஆழத்துக்கு.

அன்புடன்,
அப்பா