நந்திக்கடலை ஆழப்படுத்தும் முன் சேற்றைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஆவணியில் தண்ணீர் வற்றியிருந்த நேரம், பேரனைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் உள்ள வட்டுவாகல் பாலத்தடிக்குப் போயிருந்தேன். வீச்சுவலை எறிவதைப் பார்க்க அவனுக்கு ஆசை. நான் ஒருவரோடு இறால் விலை கதைத்துக்கொண்டு நிற்கையில், அவன் சேற்றுக்குள் கையை விட்டு ஒரு வெற்றுத் தோட்டாக்கோதைத் தூக்கிவிட்டான். அதட்டி வாங்கினேன். கோது முழுக்கப் பச்சை பூத்திருந்தது. உள்ளே அடைந்திருந்த சேற்றில் சிவப்புப் புழு ஒன்று நெளிந்தது. "அப்பப்பா, இது உயிரோட இருக்கு" என்றான்.

முப்பது வருடங்களுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இப்படிப் பச்சை பூக்கும் தோட்டாக்கோது பித்தளையால் ஆனது. 100க்கு ஏறத்தாழ 70 பங்கு செப்பு, மீதி நாகம் (துத்தநாகம்). அந்தப் பச்சை, செப்பு அரித்து வந்தது. பல தோட்டாக்களின் உள்ளே ஈயம் இருக்கும். 2009இல் இறுதிப் போரின்போது இந்தக் களப்பின் இரு கரையிலும் என்ன நடந்தது என்று இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதோடு களப்பில் விழும் பேராறு வயல்களைக் கடந்து வருகிறது. பொஸ்பேற்று உரத்தோடு கட்மியம் என்ற நச்சு உலோகமும் சிறிதளவு சேர்ந்தே வருவது வழக்கம். எங்கள் பங்கும் உண்டு. மீள்குடியேறிய புதிதில் பழைய பற்றரிகளை உடைத்து உருக்கித்தான் பலர் வலைக்கு ஈயம் வார்த்தார்கள். அறுந்த வலைகளின் ஈயமும் களப்புக்குள்தான் கிடக்கிறது.

களப்புத் தண்ணீரைப் போத்தலில் அள்ளிச் சோதித்தால் இதெல்லாம் தெரிந்துவிடாது. செப்பு, ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்கள் நுண்ணிய மண்துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். கூழ்முட்டை நாற்றம் வீசும் கறுப்புச் சேறு இருக்கிறதே, அதில் ஒட்சிசன் இல்லை. அங்குள்ள சல்பைட்டு செப்பையும் ஈயத்தையும் இறுகப் பிடித்து வைத்திருக்கும். சேற்றைக் கிளறிக் காற்றுப் படவிட்டால் அந்தப் பிடி தளர்ந்து உலோகம் தண்ணீருக்குள் வரும். நந்திக்கடலை ஆழப்படுத்த வேண்டும் என்று கடற்றொழிலாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். நானும் கேட்பவன்தான். வறட்சியில் மீன் செத்து மிதப்பதைப் பார்த்தவர்கள் கேட்காமல் இருக்க முடியாது. (அந்தச் சாவுக்குக் காரணம் வெப்பமும் ஒட்சிசன் குறைவும். அதை உலோகத்தின் தலையில் போடக் கூடாது.) ஆனால் இயந்திரம் இறங்குமுன் அடிச்சேற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

பேரன் சொன்னதைத்தான் பெரியவர்களும் சொல்கிறார்கள்: புழு உயிரோடு இருக்கிறதே, பிறகென்ன? இங்கிலாந்தின் கோர்ன்வாலில் ரெஸ்ட்ரோங்கெட் என்றொரு பொங்குமுகச் சிற்றோடை (கடல்நீர் ஏறி இறங்கும் ஓடை) உண்டு. பழைய சுரங்கங்களின் கழிவு இறங்கி, அதன் சேறு முழுக்கச் செப்பு. அங்கேயும் சேற்றுப்புழுக்கள் உயிரோடுதான் இருந்தன. பிரையன், ஹம்மர்ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள் 1971இல் அதை எழுதினார்கள். நல்ல சேற்றுப் புழுக்களைச் செப்புக் கலந்த நீரில் விட்டால் சீக்கிரம் செத்துப்போயின. ரெஸ்ட்ரோங்கெட் புழுக்களோ தாக்குப்பிடித்தன. தலைமுறை தலைமுறையாக நஞ்சுக்குப் பழகிவிட்டன. பழகிய புழுவின் உடம்பில் செப்பு நிறைய இருந்தது. அதே புழு நாகத்தை மட்டும் அவ்வளவாகச் சேரவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே புழுவை மட்டும் சோதித்தால் நாகம் ஏமாற்றிவிடும். சேறு, புழு இரண்டையும் பார்க்க வேண்டும்.

எடுக்கும் முறையும் முக்கியம். சேற்றை உலோகக் கரண்டியால் அள்ளக் கூடாது, பிளாஸ்ரிக்கால் அள்ள வேண்டும். புழுவை ஓரிரு நாள் சுத்தமான கடல்நீரில் விட்டு வயிற்றுச் சேற்றைக் கழிக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் அளப்பது புழுவை அல்ல, அது விழுங்கிய மண்ணை. அப்புறம் இறால். இறாலின் ஈரல் தலைக்குள் இருக்கிறது. உலோகம் தசையைவிட அங்கேதான் கூடுதலாகச் சேரும். இறால் தலையில் சொதி வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. உலோகம் கொதிக்க வைத்தும் போகாது. எனவே தலையையும் சதையையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

எங்கள் இறாலை வாங்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நேற்றும் அரைக் கிலோ வாங்கினேன். களப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு வதந்தியைவிட ஓர் அளவீடு நல்லது. நீர்வாழ் வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாரா இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் படிப்பிக்கிறார்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் பீடங்கள் இருக்கின்றன. மாரிக்கு முன் ஒரு தடவை, முகத்துவாரம் வெட்டி வெள்ளம் கடலுக்குப் போன பின் ஒரு தடவை எடுங்கள். முடிவு எதுவானாலும் தமிழில் எழுதி இறங்குதுறையில் ஒட்டுங்கள். கோப்புக்குள் வைத்துவிடாதீர்கள்.

சேறு எடுக்க வருகிறவர்களுக்கு இடம் காட்ட நான் வருவேன். பேரன் கோது எடுத்த இடத்தில் ஒரு பூவரசங்கம்பு நட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
முள்ளியவளை.