சக்கரத்தைத் தாங்கும் இழுவிசை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகள் மேசைக் கால்களைப் போல நின்று பாரத்தைத் தாங்குவதாகவே பலரும் கருதுகின்றனர். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள அக்கம்பியைத் தனியே நிறுத்தி அழுத்தினால் வளைந்துவிடும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்கும் வெளிவளையமான ரிம்முக்கும் இடையே, நிப்பிள் எனப்படும் சிறு மரைகளால் அவை முன்கூட்டியே இழுத்து முறுக்கப்பட்டிருப்பதால், ஒருவர் ஏறி அமரும்போது தரைப்பக்கக் கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகிறதே தவிர, அவை அழுத்தத்துக்கு உள்ளாவதில்லை.

பின்சக்கரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. சங்கிலி தரும் முறுக்குவிசையை ரிம்முக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால், அதன் கம்பிகள் ஹப்பின் விளிம்பை ஒட்டிச் சாய்வாகக் கிளம்பி ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. இம்முறைக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார். நம் பழைய கறுப்பு சைக்கிள்களில் முன்னே 32, பின்னே 40 கம்பிகள் இருப்பதும் பின்சக்கரத்தின் கூடுதல் சுமையை எண்ணித்தான்.

தளர்ந்த கம்பியை முறுக்காமல் விட்டால் சக்கரம் கோட்டம் காண்பதோடு, ஹப்பை ஒட்டிய வளைவில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறத் தொடங்கும். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் அரசு, உள்ளூர்ப் பட்டறைக்காரர் ஒருவரைக் கொண்டு கோட்டம் எடுக்கும் முறையையும் பள்ளியிலேயே செய்து காட்டச் செய்யலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி