காது மடலைப் பார்த்த டாக்டருக்கு

பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருந்த பாப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த 3 வாரங்களைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பாப்பாவின் ரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்கிய போதெல்லாம் ஓடிவந்த நர்ஸ் அக்காக்கள், மூத்தவனைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டினர், நடுராத்திரியில் போனை எடுத்த தோழிகள், எல்லோருக்கும் நன்றி.

ஆனால் இந்தக் கடிதம் முக்கியமாக ஒருவருக்கு. நான்காம் நாள் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவரே, உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "பாப்பாவைத் தொடலாமா அம்மா?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெரிய நாக்கு, பிதுங்கிய தொப்புள், நெற்றியில் சிவந்த திட்டு. இதெல்லாம் எல்லோரும் பார்த்ததுதான். நீங்கள் காதை மெல்ல மடக்கிப் பார்த்தீர்கள். மடலில் குறுக்கே ஒரு கோடு. பின்பக்க விளிம்பில் குண்டூசி குத்தியதுபோல் சின்னக் குழிகள். தினமும் நான் முத்தம் கொடுத்த காது அது. என் கண்ணில் படவே இல்லை.

உடனே நோயின் பெயரைச் சொல்லவில்லை நீங்கள். "இந்தக் காது யார் ஜாடை?" என்று கேட்டு எங்கள் இருவர் காதையும் பார்த்தீர்கள். மூத்தவனின் கைக்குழந்தைப் படங்களையும் பார்த்தீர்கள். "ஒரு அடையாளம் தனியா இருந்தா குடும்ப ஜாடையா இருக்கலாம்மா. நாலைந்து சேர்ந்து வந்தா விசாரிக்கணும்" என்றீர்கள்.

மறுநாள் மரபியல் மருத்துவர் வந்தார். பெக்வித்-வீடெமான் சிண்ட்ரோம் என்றார், உடல் வளர்ச்சி அளவுக்கு மிஞ்சிப் போகும் ஒரு அபூர்வப் பிறவிக் கோளாறு. 11ஆவது குரோமோசோமில், வளர்ச்சியை ஆளும் மரபணுக்களைத் திறந்து மூடும் குறிகள் மாறியிருந்ததை, அந்தக் குறிகளைப் பார்க்கும் மெத்திலேஷன் சோதனை பிறகு உறுதி செய்தது. "நீங்கள் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்ததில்லை" என்றார் அவர். எனக்குள் நானே நடத்திக்கொண்டிருந்த விசாரணை அன்றுதான் நின்றது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. இந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் கட்டி வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட அதிகம். வந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். அதனால் 7 வயது வரை 3 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன். பெயர் தெரியாமல் வீட்டுக்கு வந்திருந்தால் இந்த ஸ்கேனுக்கு நாங்கள் எங்கே போயிருப்போம்?

ஒன்றையும் தவறவிட மாட்டேன். அப்புறம், படிக்கிற பிள்ளைகள் யார் வந்து பாப்பாவின் காதைப் பார்க்கலாமா என்று கேட்டாலும் சரி என்பேன். உங்களைப்போல் கையைச் சூடாக்கிக்கொண்டு வரட்டும், அது போதும்.